ஐம்பத்தோராவது கொட்டை

"ஒரு கொட்டை ஜாஸ்தி வந்தா என்ன செய்வே?"

நாலு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்து மானேஜர் பிரைஸ் துரை எல்சியிடம் அப்படிக் கேட்டார். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் வாய்வரை வந்து அங்கேயே தங்கிவிட்டது. அப்பாதான் பின்னாலிருந்து, "வராது தொரை" என்றார். துரை சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கூடத்து மேசையை நான்கு பெண்கள் சேர்ந்து தூக்கியபோது அந்தக் கேள்வி ஏன் நினைவுக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. மேலே இருந்த தேங்காய்ச் சிரட்டை வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்தது. எல்சி ஓடிப்போய் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல என்னடி, பவுனா?" என்றாள் மேசையின் மறுமுனையைப் பிடித்திருந்தவள்.

"கித்தாக் கொட்டை" என்றாள் அடுத்த வீட்டுத் தாயம்மா. ரப்பருக்குத் தோட்டத்தில் கித்தா என்றுதான் பெயர். "அவ அப்பன் எண்ணுற கொட்டை. அவகிட்டயே இருக்கட்டும், விடுலா."

மேசையைச் சுவரோரம் போட்டு வெள்ளைத் துணி விரித்தார்கள். பாயில் கிடந்தவரைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். எல்சியின் அப்பா ராயப்பன், மூங்கில் தோட்டம் என்ற ரப்பர் எஸ்டேட்டில், ஸ்டோர் என்கிற ரப்பர் ஆலையில் ஃபிட்டர். காலையில் வேலைக்குக் கிளம்ப ஆணியிலிருந்து சட்டையை எடுத்தவர், ஒரு கையை மட்டும் நுழைத்துவிட்டு, எதையோ யோசிக்கிறவர்போலத் தரையில் உட்கார்ந்தார். அம்மா காப்பியோடு வந்து பார்த்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். மற்றக் கை சட்டைக்கு வெளியே, மடியில், உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது.

"சிரிச்சுக்கிட்டேதான் போனாரு அண்ணன்" என்று தாயம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "நான் பாத்தேன். ஒரு வலி இல்ல, ஒரு முனகல் இல்ல."

அவள் பார்க்கவில்லை. அடுத்த வீட்டில் இருந்தாள். அம்மா அலறிய பிறகுதான் வந்தாள். ஆனால் அவள் சொல்லச் சொல்ல அம்மாவின் அழுகை கொஞ்சம் தணிந்தது. தாயம்மா அப்படித்தான். ராயப்பனை அண்ணன் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். யாருக்கு எது ஆறுதலோ அதைச் சொல்லிவிடுவாள். அவள் சொன்ன பிறகு அது நடந்தது மாதிரியே ஆகிவிடும்.

வெளியே ரப்பர்க் காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. ஆகஸ்டு மாதத்து வெயில் ஏற ஏற, மரத்தில் காய்ந்த காய்கள் டப் டப்பென்று வெடித்துக் கொட்டைகளைத் தூர எறியும். கூரைத் தகரத்தில் விழும், வாசலில் உருளும், சில சமயம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து விழும். பிரைஸ் துரை சுடுகிற நாட்களில் எது துப்பாக்கி, எது காய் என்று தோட்டத்துக் கோழிகளுக்குக்கூடத் தெரியாது. இன்று துப்பாக்கி இல்லை. வெறும் காய்கள்தான். ஒவ்வொன்று வெடிக்கும்போதும் எல்சி மேசையில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். இமை அசையும் என்று தோன்றியது.

ஒன்பது மணிக்கு ஜார்ஜ் மாமா சைக்கிளில் வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மம்பாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். எல்லாம் முடிந்த உடம்பில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு அந்தச் சட்டையைக் கழற்றி, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டார். கழற்றிய சட்டைப் பையில் ஒரு பீடிக்கட்டும் ஒரு ஈர்க்கும் இருந்தன. ஈர்க்கு விரல் நீளம். அதன் நடுவில் சிவப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"என்ன இது?" என்றாள் அம்மா.

"பல்லு குத்துறது" என்றார் மாமா.

"நூலு கட்டியிருக்கே. மந்திரிச்சது போல" என்றாள் தாயம்மா.

"வேதக்காரன் வீட்டுல என்னாம்மா மந்திரம்? பல்லு குத்துற குச்சிய வாயில விட்டு முழுங்கிடாம இருக்க நூல் கட்டியிருப்பாரு. மச்சான் எதையும் அளந்துதான் செய்வாரு."

அம்மா அழுகைக்கு நடுவில் சிரிக்கப் பார்த்தாள். அந்த ஈர்க்கை எடுத்துப்போய் மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அப்பா எதையும் அளந்துதான் செய்வார். அது உண்மை.

துரையிடம் இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. குட்டையானது காட்டுப் பக்கம் போகும்போது இடுப்பில் இருக்கும். நீளக் குழல் வைத்தது போட்டிக்கு மட்டும். வருஷத்துக்கு ஒரு முறை சிரம்பான் பட்டணத்தில் துரைமார்கள் கூடி, இருபது கஜ தூரத்தில் காகித அட்டை வைத்துச் சுடுவார்கள். ஜெயித்தவருக்கு ஒரு வெள்ளிக் கேடயம். பிரைஸ் துரை இரண்டு வருஷம் ஒரே ஒரு புள்ளியில் அதைத் தவறவிட்டார். மூன்றாவது வருஷம் அந்த நீளக் குழல் ரிவால்வரை ஸ்டோருக்கு எடுத்துவந்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

அப்பா அதற்குப் பலா மரத்தில் புதுக் கைப்பிடி செய்தார். துரையின் கட்டைவிரல் உட்காருகிற குழியை மட்டும் எட்டு நாள் ராவினார். குழலின் நுனியில் இருந்த குறி வெயிலில் மின்னிக் கண்ணைக் கெடுத்தது. கற்பூரத்தைக் கொளுத்தி அந்தப் புகையில் குறியைக் காட்டினார். மை பூசியதுபோலக் கறுத்துவிட்டது. கற்பூரம் தாயம்மா வீட்டிலிருந்து வரும். "மாரியாத்தாளுக்கு வாங்குனது. தொரை ஜெயிச்சா ஆத்தாளுக்கு என்ன பங்குன்னு கேளு அண்ணே" என்பாள்.

தோட்டாவையும் அப்பாவே செய்தார். கடைத் தோட்டா மிருகத்தைக் கொல்வதற்குச் செய்தது. காகிதத்தில் ஓட்டை போட அவ்வளவு மருந்து வேண்டாம் என்றார். மருந்து குறைந்தால் உதறல் குறையும், துரையின் கை அசையாது. சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைப் புளித் தண்ணீரில் கழுவிக் காயவைப்பார். அடியில் புதுக் கேப்பு பொருத்துவார். ஐம்பது துளை போட்ட பலகையில் உறைகளை வாய் மேலே பார்க்க நிறுத்துவார். பழைய உறை ஒன்றை வெட்டிக் கம்பி பற்றவைத்த கரண்டி அவருடையது. ஓர் உறைக்கு ஒரு கரண்டி மருந்து, தலை தட்டி. கடைசியில் மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் பூசிய ஈயக் குண்டை வைத்து, இடுக்கி போன்ற கருவியால் அழுத்தினால் தோட்டா.

ஆபத்து கரண்டியில்தான் இருந்தது. அந்த மருந்து தவிடு மாதிரி இலேசு. ஒரு கரண்டி உறையில் பாதிகூட வராது. கவனம் தப்பி இரண்டாவது கரண்டி விழுந்தாலும் வழியாது. குண்டை அழுத்திவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். வேறொரு தோட்டத்துச் சின்னத்துரை அப்படித்தான் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தார் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் கொட்டை. ஒரு கரண்டி மருந்து விழுந்ததும் டப்பாவிலிருந்து ஒரு ரப்பர்க் கொட்டையை எடுத்துச் சிரட்டையில் போட வேண்டும். அது எல்சியின் வேலை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் அவளுக்குக் குரல் வராது. ஒரு நாள் சாயங்காலம்வரை பெஞ்சின்மேல் நிற்கவைத்துவிட்டார்கள். மறுநாள் அப்பா அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. திட்டவும் இல்லை. கொட்டை டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவைத்தார். அவர் கரண்டியைக் கவிழ்ப்பார், அவள் கொட்டையைப் போடுவாள். இரண்டு பேரும் பேச மாட்டார்கள். அந்த நேரங்களில் வீடு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருக்கும். முடிந்ததும் சிரட்டையை எண்ணி, தேதி போட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள். அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து வேறு ஏதேதோ எழுதிவந்தாள். அதை அப்பா பார்த்ததில்லை. பார்க்காதவர் மாதிரி இருந்தார்.

மூன்று மாதமாக அவர் கண் மங்கிக்கொண்டு வந்தது. காப்பிக் கோப்பையின் காதைத் தடவித் தேடினார். யாரிடமும் சொல்லவில்லை. எல்சியும் கேட்கவில்லை. மருந்து போட்டு முடிந்ததும் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஐம்பது உறைகளுக்குள்ளும் எட்டிப் பார்ப்பதை அவளே தன் வேலையாக்கிக்கொண்டாள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று. அவர் பேசாமல் பலகையைத் தள்ளிக்கொடுப்பார்.

ஆனால் நேற்று, வியாழக்கிழமை, சனிக்கிழமைப் போட்டிக்கான ஐம்பதைப் போட உட்கார்ந்தபோது, "இன்னிக்கி நீ வேணாம். போயித் தண்ணி புடி" என்றார்.

"விளக்கு புடிக்கிறேன்."

"வேணாங்கிறேன்ல."

எல்சி குழாயடிக்குப் போனாள். இரண்டு குடம் நிறைந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது தோட்டாக்கள் அட்டைப் பெட்டியில் அடுக்கி மூடியாகியிருந்தன. அவரே போட்ட கொட்டைகள் சிரட்டையில் கிடந்தன. "எல்சி, எண்ணி எழுதிடு" என்றார் அப்பா. "நாளைக்கி" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

அவரிடம் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது.

பத்தரை மணிக்கு ஜெபமாலை தொடங்கியது. மாமா முன்னால் சொல்ல, பெண்கள் பின்னால் சொன்னார்கள். எல்சி அம்மாவின் பக்கத்தில், சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெழுகுவத்தி வாசனையும் ஊதுவத்தியும் வேர்வையும் கலந்து கண்ணைச் செருகவைத்தன. முதல் பத்து தொடங்கியதும், யோசிக்காமலே, ஒவ்வொரு அருள் நிறைந்த மரியேவுக்கும் ஒரு கொட்டையை எடுத்துப் பாவாடை மடிப்பில் போட ஆரம்பித்தாள். வழவழவென்று, புள்ளி போட்ட கொட்டைகள். பத்து, பத்தாக ஐந்து தடவை. குரல்கள் எழுந்து தாழ்ந்தன. அப்பா கரண்டியைக் கவிழ்க்கிறார், அவள் போடுகிறாள். கவிழ்க்கிறார், போடுகிறாள். எங்கோ தூரத்தில் காய்கள் வெடித்தன.

ஐந்தாவது பத்து முடிந்தது. ஐம்பது மந்திரம். சிரட்டையின் அடியில் ஒரு கொட்டை இருந்தது.

அவள் கை அந்தரத்தில் நின்றது. எங்கோ ஒரு மந்திரத்தில் போடாமல் விட்டிருப்போம் என்று நினைத்தாள். பெண்கள் எழுந்து கலைந்தபோது அடுப்படி மூலைக்குப் போய் எண்ணினாள். ஐம்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். ஐம்பத்தொன்று. அலமாரியில் இருந்த பெட்டியைத் திறந்தாள். தோட்டா ஐம்பது.

மாமா தண்ணீர்த் தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னாள். அவளுக்கு இது நீளமான பேச்சு. நடுநடுவே மூச்சு வாங்கியது.

"சரி, ஒரு கொட்டை கூடத்தான் போட்டுட்டாரு" என்றார் மாமா. "அதுக்கு?"

"கரண்டி விழுந்தாத்தான் கொட்டை விழும் மாமா. அதுதான் கணக்கு. ஐம்பது உறையில ஐம்பத்தொரு கரண்டி."

"தராசுல போட்டுப் பாரு. என் ஆஸ்பத்திரித் தராசு மம்பாவுல இருக்கு."

"தெரியாது. ஈயமே ஒண்ணுக்கொண்ணு எடை மாறும். ஒரு கரண்டி மருந்து அதுல மறைஞ்சிரும். ஐம்பதையும் பிரிச்சாத்தான் தெரியும்."

"இப்ப, பொணத்த வெச்சுக்கிட்டு வெடிமருந்தப் பிரிக்கப் போறியா?" மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு. ரெண்டு மணிக்குத் தொரை வர்றாரு. மாலை போட்டுட்டு அப்படியே தோட்டாப் பெட்டிய எடுத்துக்கிட்டுச் சிரம்பான் போறாரு. இது ஃபிட்டர் வீடு. ஃபிட்டர் இல்ல. உங்கம்மா இங்க இருக்கலாமா, வெளிய போகணுமான்னு அவரு வாயிலதான் இருக்கு. இப்பப் போயி, எங்கப்பனுக்குக் கண்ணு தெரியாது, மருந்த ரெண்டு தடவ போட்டுட்டாருன்னு சொல்லப் போறியா? அந்த மனுஷன் செஞ்ச கடைசி வேலை அது."

எல்சி தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள். அதில் வானமும் மாமாவின் சட்டையும் ஆடின.

"ராயப்பன் தோட்டா தப்புனதே இல்லன்னு தொரை சொல்வாரு. அது அப்படியே போகட்டும். புரியுதா?"

அவள் தலையாட்டவில்லை. மாமா அதை ஆட்டியதாக எடுத்துக்கொண்டார்.

துரையின் மோட்டார் இரண்டு மணிக்குச் சரளைக் கற்களை நொறுக்கிக்கொண்டு வந்து நின்றது. வாசலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். நெட்டையான மனிதர், வெயிலில் சிவந்த கழுத்து. மாலையை அப்பாவின் காலடியில் வைத்தார். அவருடைய வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. பலா மரக் கைப்பிடியில் அந்த விரல் உட்காருகிற இடம் எல்சிக்குத் தெரியும். அதை ராவியபோது உதிர்ந்த பலாமரத் தூளை அவள்தான் கூட்டியள்ளினாள்.

"நல்ல மனுஷன்" என்றார் துரை. "ரொம்ப நல்ல கை."

"ஆமாங்க தொரை" என்றார் மாமா. பெட்டி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. "நேத்துத்தான் முடிச்சாரு. உங்களுக்காக."

துரை வலது கையை நீட்டினார். ஐந்து விரல்களும் விரிந்திருந்தன.

"தொரை."

யார் பேசினார்கள் என்று எல்லோரும் திரும்பினார்கள். எல்சிக்கும் அது வேறு யாருடைய குரலோ என்றுதான் இருந்தது. அறை எங்கோ தொலைவில் இருந்தது.

"ஒரு கொட்டை கூட இருக்கு" என்றாள். "ஐம்பத்தொண்ணு."

துரையின் கை பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா, "சின்னப் புள்ள தொரை, அழுது அழுது ஏதோ" என்று ஆரம்பித்தார்.

"அட, அந்தக் கொட்டையா?" என்றாள் தாயம்மா.

கதவோரத்தில் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். "அது நான் போட்டதுலா. காலையில அண்ணனக் கெடத்துறதுக்கு வீட்டக் கூட்டுனேன்ல, ஜன்னலுக்குக் கீழ ஒரு கொட்டை கெடந்துச்சு. வெளிய மரத்துலேருந்து வெடிச்சு வந்து விழுந்ததுபோல. அண்ணனோட கொட்டை உருண்டுபோச்சுன்னு நெனச்சு சிரட்டையில எடுத்துப் போட்டேன். இதுக்குப் போயா முகம் வெளுத்து நிக்கிறே? உங்கப்பன் கணக்குத் தப்புமா?"

அறை முழுவதும் மூச்சு விட்டது. "பாத்தீங்களா தொரை" என்றார் மாமா. பெட்டியை மறுபடி நீட்டினார்.

எல்சி தாயம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அகலமான, வேர்வை மினுங்கும், அன்பான முகம். சிரிச்சுக்கிட்டேதான் போனாரு அண்ணன். நான் பாத்தேன். அதே முகம், அதே குரல். அம்மாவின் அழுகை நின்றிருந்தது. மேசையில் அப்பா வெள்ளைக் கோட்டில் கிடந்தார். இப்போது பேசாமல் இருந்தால் போதும். எப்போதும் இருக்கிற மாதிரி இருந்தால் போதும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

துரையின் விரல்கள் பெட்டியைத் தொட்டன.

"அத்தை அப்பாவுக்காகச் சொல்றாங்க" என்றாள் எல்சி. "அவங்க யாருக்கும் மனசு நோகாமச் சொல்லிருவாங்க. எனக்குத் தெரியும். சுடாதீங்க தொரை. அப்பாவுக்குக் கண்ணு தெரியல. மூணு மாசமா. நான்தான் உள்ள பாப்பேன். நேத்து நான் பாக்கல."

கூரையில் ஒரு கொட்டை விழுந்து கடகடவென்று உருண்டு போயிற்று. தாயம்மாவின் கண்கள் எல்சியை விட்டு நகர்ந்து, தரையில், தான் கூட்டிய இடத்தில் போய் நின்றன.

துரை கையை இழுத்துக்கொண்டார். அப்பாவின் மூடிய கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். பிறகு எல்சியிடம், "உனக்குப் பேச வருமா?" என்று கேட்டார். அது கேள்வியாக இல்லை. "பெட்டி இங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியோடு குனிந்து வெளியே போனார்.

நாலு மணிக்கு அடக்கம். ரப்பர் மரங்களுக்கு நடுவே சவப்பெட்டி போகும்போது சருகுகள் சலசலத்தன. இரண்டு பக்கமும் மரங்கள் வரிசை வரிசையாக நின்று, நடக்க நடக்க விலகித் திரும்பி மறுபடி வரிசையாயின. வழியெல்லாம் காலடியில் கொட்டைகள். எல்சி மிதிக்காமல் நடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா மம்பாவுக்குத் திரும்பினார். கிளம்புவதற்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "தொரை கடைத் தோட்டா வாங்கிச் சுட்டாராம். நாலாவதா வந்தாராம். வீட்டப் பத்திக் கேட்டேன். பாக்கலாம்னாரு." எல்சியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக்கூடாது. தாயம்மா வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். அம்மாவிடம் பேசுவாள். எல்சியின் கையில் கிண்ணத்தைக் கொடுப்பாள், சூடு பார்த்துக் குடி என்பாள். முன்பெல்லாம் அதற்குமேல் பத்து வார்த்தை சொல்வாள்.

அன்று மத்தியானம் அம்மா தூங்கியதும் எல்சி பெட்டியையும் அப்பாவின் குறடு ஒன்றையும் எடுத்துக்கொண்டு பின்பக்கத்துச் சிமெண்டுத் தரைக்கு வந்தாள். நோட்டிலிருந்து எழுதாத தாள்களைக் கிழித்து ஐம்பது துண்டுகளாக்கினாள். ஒவ்வொரு துண்டின்மேலும் ஒரு சின்னக் கல் வைத்தாள். வெயில் அசையாமல் கிடந்தது.

குறட்டால் ஈயக் குண்டைப் பிடித்து, முறுக்கி, இழுத்தாள். முதல் உறையைத் தாளில் கவிழ்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகைக் குவியல். இரண்டாவது. மூன்றாவது. பத்துப் பிரிப்பதற்குள் உள்ளங்கை கன்றிவிட்டது. இருபது. எல்லாம் ஒரே அளவு. முப்பது. முப்பதுக்குப் பிறகு அவள் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அடுத்தது பெரிய குவியலாக இருக்க வேண்டும். அப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தவறியிருக்க வேண்டும். நாற்பது. நாற்பத்தைந்து. நாற்பத்தொன்பது.

ஐம்பதாவது உறையை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு இழுத்தாள், கவிழ்த்தாள்.

ஒரு கரண்டி. தலை தட்டி.

ஐம்பது குவியல்களும் வெயிலில் ஒன்றுபோல இருந்தன. ஒன்று மற்றதைவிட ஒரு தூசுகூட ஏறவில்லை. கண் தெரிந்த நாட்களில்கூட அவர் இவ்வளவு சரியாகப் போட்டதில்லை என்று தோன்றியது.

எல்சி எழுந்து உள்ளே போனாள். மாதா படத்துக்கு முன்னால் இருந்த ஈர்க்கை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு குவியலைத் தாளோடு மடித்து உறைக்குள் திரும்பக் கொட்டினாள். ஈர்க்கை மெதுவாக உள்ளே இறக்கினாள். அது மருந்தைத் தொட்டு நின்றது. சிவப்பு நூல் முடிச்சு உறையின் வாய்க்குச் சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தடவினாள். பித்தளை விளிம்பும் முடிச்சும் விரலில் ஒரே மட்டத்தில் தட்டுப்பட்டன. இன்னொரு கரண்டி விழுந்திருந்தால் முடிச்சு விளிம்புக்கு மேலே ஏறி நின்றிருக்கும்.

தாயம்மா கஞ்சிச் சட்டியோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சிமெண்டுத் தரைக்கு வந்ததும் நின்றாள்.

ஐம்பது தாள்கள், ஐம்பது கற்கள், ஐம்பது சிட்டிகைகள். அவள் பார்வை ஒவ்வொன்றாகப் போயிற்று. கடைசித் தாள்வரை போய், எல்சியின் விரல்களில் இருந்த ஈர்க்கில் வந்து நின்றது.

எல்சி நிமிர்ந்தாள். அத்தை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வார்த்தை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

மரங்களுக்கு நடுவிலிருந்து இலேசாகக் காற்று கிளம்பியது. தாள்களின் ஓரங்கள் படபடத்தன. தாயம்மா குனிந்து, கஞ்சிச் சட்டியைக் காற்று வருகிற பக்கமாக, தாள்களுக்கு அணைத்தாற்போல இறக்கிவைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள்.